படித்துறையில் ஒரு கல்தொட்டி

ஏட்டு பலவேசம் முப்பத்தோரு வருஷம் போக்குவரத்துப் போலீஸில் விசில் ஊதியவர். ஓய்வு பெற்ற பிறகு மனுஷருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நேராக ஆற்றங்கரை மடத்துக்கு வந்து, அதை நடத்தும் செண்பகவல்லி அம்மாவின் காலில் விழுந்தார். அம்மாவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்தொன்று. விழுந்தவரை எழுப்ப அம்மாதான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"ஞானத்துக்கு வயசு கிடையாது, ஏட்டய்யா. முட்டுக்கு உண்டு. இனிமே விழாதீங்க," என்றார் அம்மா.

அவருக்குக் கொடுத்த வேலை, படித்துறையைப் பார்த்துக்கொள்வது.

ஏழூர்த் துறை என்று பெயர். செத்தவர்களுக்குத் திதி கொடுக்கச் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் அங்கேதான் வரும். அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. திதி முடிந்ததும் மூன்று முழுக்குப் போட வேண்டும். உடுத்தி முழுகிய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும். துக்கம் அந்தத் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை.

துக்கம் போயிற்றோ என்னவோ, துணி போகவில்லை. பாதி கீழே மதகில் போய் அடைந்தது. மீதி, துறையிலேயே பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் கிடந்தது. போன ஐப்பசியில் ஒரு தபால்காரர் முழுகினார், எழவில்லை. ஏட்டய்யா குதித்து இழுத்துப் போட்டார். தபால்காரரின் காலில் யாரோ ஒரு மகராசி விட்டுப்போன சேலை மூன்று சுற்று சுற்றியிருந்தது. ஆண்டவன் புண்ணியம், பிழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆள் பிழைப்பாரா? ஏட்டய்யாவுக்கு இதே நினைப்பாகப் போயிற்று.

முதலில் தெரிந்த வித்தையைக் காட்டினார். யாராவது துணியை அவிழ்த்தால் போதும், படியின் மேலிருந்து ஒரே விசில். பெண்டாட்டிக்குத் திதி கொடுக்க வந்த ஒரு பெரியவர் அந்தச் சத்தத்தில் அரண்டுபோய், மந்திரத்தை மறந்து, படியில் உட்கார்ந்து அழுதார்.

அன்று சாயங்காலம் அம்மா அவரைக் கூப்பிட்டார். கையை மட்டும் நீட்டினார். ஏட்டய்யா விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து ஒரு பலகை. 'ஆற்றில் துணி விடாதீர்' என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்து. ஜனங்களுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. துண்டைக் காயப்போட இடம் இல்லாமல் இருந்தார்கள், பலகையில் காயப்போட்டார்கள்.

அதற்கடுத்து, படியின் உச்சியில் ஒரு நீல டிரம் வைத்தார். ஒரு மாசத்தில் அதில் விழுந்தது ஐந்தாறு வாழைப்பழத் தோலும் ஒற்றைச் செருப்பும்.

ஏட்டய்யா நொந்துபோய் அம்மாவிடம் வந்தார்.

"ஜனங்களை நல்ல வழிக்குத் திருப்பணும்னா என்னம்மா செய்யணும்?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "மொதல்ல அவங்க எந்தப் பக்கம் பாத்து நிக்காங்கன்னு பாக்கணும்."

"ஆத்தைப் பாத்துதான் நிக்காங்க."

"அப்பிடியா?" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி அரிசியில் குனிந்துகொண்டார்.

ஏட்டய்யாவுக்கு இதெல்லாம் ஒரு பதிலா என்று எரிச்சலாக வந்தது. ஞானிகளோடு இதுதான் பெரிய தொல்லை. நாம் மருந்து கேட்டால் அவர்கள் நாடி பிடிக்கச் சொல்வார்கள்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பொறி தட்டியது. ஜனங்கள் போலீஸுக்குப் பயப்படவில்லை, பலகைக்குப் பயப்படவில்லை. எதற்குப் பயப்படுவார்கள் என்று அவருக்கா தெரியாது?

அன்று திதிக்கு வந்த ஒரு குடும்பத்தின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்.

"கீழ மதகைப் பாத்தீங்களா? துணியெல்லாம் மாட்டிக்கிட்டு நிக்கி. துணி போய்ச் சேராம மாட்டிக்கிட்டா, போன ஆளும் போய்ச் சேரமாட்டாராம். அங்கனயே நிப்பாராம். பெரியவங்க சொல்லுதாங்க."

எந்தப் பெரியவரும் அப்படிச் சொன்னதில்லை. குடும்பத் தலைவர் பேயறைந்த மாதிரி நின்றார். அவிழ்த்த வேட்டியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு படியேறினார்.

ஏட்டய்யா மேற்கொண்டு ஒரு வாய் பேச வேண்டியிருக்கவில்லை. சேதி டீக்கடைக்குப் போயிற்று. டீக்கடையிலிருந்து பஸ் ஏறிற்று. ஒரு வாரத்தில் எவனோ அதைக் குரல் பதிவாகவே போட்டு செல்போனில் அனுப்பிவிட்டான், பின்னால் சங்கு ஊதுகிற சத்தத்தோடு. ஏட்டய்யாவின் போனுக்கே அது மூன்று தடவை வந்தது.

அப்புறம் என்ன, நீல டிரம் நிரம்பி வழிந்தது. ஆற்றில் கூழாங்கல் தெரிந்தது.

"பாத்தீங்களாம்மா? ஒரு துணி இல்ல," என்றார் ஏட்டய்யா.

"எப்பிடி நடந்திச்சு?"

"புரிஞ்சுக்கிட்டாங்கம்மா."

"என்ன புரிஞ்சுக்கிட்டாங்க?"

ஏட்டய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டார்.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு மத்தியான வேளை. ஏட்டய்யா மதகுப் பக்கம் நடந்தவர், கரையில் துணிக் குவியலைப் பார்த்தார். பாசி பிடித்த பழைய துணிகள், ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துப் போட்ட மாதிரி கிடந்தன. தண்ணீரில் ஒரு பெண்மணி கழுத்தளவில் நின்று, மதகின் இடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா! மேல ஏறுங்க! அங்கன சுழி!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து உள்ளே போனார். ஏட்டய்யா பத்து வரை எண்ணினார். தலை வரவில்லை.

அறுபத்தொரு வயசுக்கு இரண்டாவது தடவையாகக் குதித்தார். அந்தப் பெண்மணியைத் தூக்கிக் கரையில் போட்டபோது, அவர் கை ஒரு கந்தலை விடவே மாட்டேன் என்று பிடித்திருந்தது. தண்ணீரைக் கக்கினார். கண் திறந்ததும் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இது இல்ல. என்னோடது பச்சை. மஞ்சக் கரை."

"எதைத் தேடுதீங்க?"

"சேலையை. எட்டு மாசம் முந்தி என் மகளுக்குத் திதி கொடுத்து இங்கனதான் விட்டேன். அது மாட்டிக்கிட்டு நிக்கில்லா? அவ போகமுடியாம இதுக்குள்ளயே நிக்காளாம். போன்ல சொல்லுதாங்க." அவர் ஏட்டய்யாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "பத்தொன்பது வயசுய்யா. அவளுக்கு நீச்சல் தெரியாது."

ஏட்டய்யா சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை, 'அது பொய்யம்மா, நான்தான் சொன்னேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் பேரைக் கேட்டு எழுதினார்கள். முப்பிடாதி. ஊர் புளியடித்தட்டு. மறுநாள் அவருடைய தம்பி வந்து கூட்டிப் போனார்.

மடத்தில் அம்மா என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "மதகுல கால் வழுக்கிட்டும்மா," என்று சொல்லி வைத்தார்.

"பதினாலு துணியை எடுத்துக் கரையில போட்டிருக்காங்களே?"

"ஆத்தைச் சுத்தம் பண்ணியிருப்பாங்க."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் காலையில் அம்மா ஒரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு போய் படித்துறையில் உட்கார்ந்தார். மூன்று நாள் உட்கார்ந்தார். வருகிறவர்களோடு பேச்சுக் கொடுத்தார். ஏட்டய்யா நாலு படி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"துணியை எதுக்குத் தண்ணியில விடுதோம்?" என்று கேட்டார் அம்மா ஒரு பெரியவரிடம்.

"கால் தண்ணியில இருக்கையில விடணும் தாயி. தண்ணி அதை வாங்கிக்கிடணும். கையில தூக்கிட்டுப் படியேறினா துக்கத்தையும்ல தூக்கிட்டு வாரோம்?"

"விட்ட பிறகு அது எங்க போகுதுன்னு பாத்திருக்கீங்களா?"

"அதை எப்பிடிப் பாக்க? திரும்பிப் பாக்கப்படாதே!"

அம்மா சிரித்துவிட்டார். பெரியவரும் சிரித்தார். துறைக்கு நாற்பது வருஷமாக வருகிற மனுஷர், துணி எங்கே போகிறது என்று அதுவரை யோசித்ததே இல்லையாம்.

மூன்றாம் நாள் ஒருவர் ஈர வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்னய்யா யோசனை?"

"எங்கப்பா திதிம்மா. ஆத்துல விட்டா மாட்டிக்கிடுவாராம். வீட்டுக்குக் கொண்டுபோனா வீட்டுல அண்டவிடமாட்டாங்க. குப்பை டிரம்முல போட மனசு வரலை. நான் எங்கனதாம்மா வைக்க?"

"யாரும் எங்கயும் மாட்டிக்கிடலை. அது சுத்தப் பொய். தாராளமா விட்டுட்டுப் போங்க."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் இறங்கிப்போய் விட்டுவிட்டு வந்தார். வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஏட்டய்யா அம்மாவிடம் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? சுத்தமா இருந்த ஆத்தை நீங்களே..."

"அந்த மனுஷர் மூஞ்சியைப் பாத்தீங்களா?"

"நான் ஆத்தைப் பாத்தேன்."

"அதுக்கு முந்தி?"

வந்தவர்களிடமெல்லாம் அம்மா அது பொய் என்றே சொன்னார். ஒரு வாரத்தில் டிரம் காய்ந்தது, ஆறு நாறியது. பாறை இடுக்கில் பழையபடி துணி ஆடிற்று.

அப்புறம்தான் அம்மா தொழுவத்துக்குப் போனார். அங்கே மாடு தண்ணீர் குடித்த பழைய கல்தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. கல் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போடச் சொன்னார். எட்டு பேர் உருட்டியும் தூக்கியும் அதைத் துறைக்குக் கொண்டுபோனார்கள்.

"எங்கம்மா வைக்க? உச்சிப் படியிலயா?"

"வேண்டாம். கடைசிப் படியில. கால் தண்ணிக்குள்ள இருக்கணும்."

தொட்டியைக் கணுக்கால் தண்ணீரில் வைத்தார்கள். ஒரு ஓட்டை வழியாக ஆறு உள்ளே வந்து மறு ஓட்டை வழியாக வெளியே போயிற்று. துணி மட்டும் போகாது. முழுகிவிட்டு ஏறுகிறவர் முதல் அடி வைக்கிற இடத்தில் அது இருந்தது.

அன்று அம்மாவின் குருவுக்குத் திதி. அம்மா முழுகி எழுந்து, உடுத்தியிருந்த வெள்ளைச் சேலைக்கு மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்துத் தொட்டியில் விட்டார். தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது. திரும்பிப் பார்க்காமல் படியேறினார். அடுத்து வந்தவர் தொட்டியைப் பார்த்தார், உள்ளே கிடந்ததைப் பார்த்தார், தன் வேட்டியையும் அதிலேயே விட்டார். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஏட்டய்யா தொட்டியை வழித்து எடுக்கப் போனார்.

"எல்லாத்தையும் எடுத்துராதீங்க. நாலு கிடக்கட்டும்."

"எதுக்கும்மா?"

"வெறுந்தொட்டியில மொத ஆளா விட யாருக்கும் கூச்சமா இருக்கும்."

மறுநாள் படிச்சுவரில் அம்மா சுண்ணாம்பால் எழுதச் சொன்னார். ஏட்டய்யா எழுதினார். 'ஆற்றில் விட்ட துணி ஆளை இழுக்கிறது. அதற்காகத் தொட்டி வைத்திருக்கிறோம். தொட்டித் துணியைக் காயவைத்து லாரிப் பட்டறைக்குக் கொடுக்கிறோம், எண்ணெய் துடைப்பார்கள். ஆற்றில்தான் விடுவேன் என்றால் விடலாம்.'

எழுதி முடித்துவிட்டு அவருக்கே பொறுக்கவில்லை.

"எண்ணெய் துடைக்கங்கிறதை எதுக்கும்மா எழுதணும்? கோவப்படுவாங்க. 'ஏழைகளுக்கு'ன்னு போட்டா அழகா இருக்குமே?"

"ஏழைங்க வாங்கிக்கிடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப எண்ணெய்தான்."

சொன்ன மாதிரியே ஒரு இளைஞர் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "எங்கப்பா வேட்டியில கிரீஸ் துடைப்பீங்களோ?" என்று ஏட்டய்யாவை முறைத்துவிட்டு, தொட்டியைத் தாண்டிப் போய் நடு ஆற்றில் விட்டார். ஏட்டய்யாவின் கை, இல்லாத விசிலைக் கழுத்தில் தேடிற்று.

"விடுங்க," என்றார் அம்மா.

"அது அடியில போய் மாட்டும்மா."

"மாட்டும். நாளைக்கு நாம இறங்கி எடுப்போம். அவர் அப்பா, அவர் வேட்டி."

அமாவாசை வந்தது. அன்று நானூறு பேருக்கு மேல் கூட்டம். தொட்டி நிறைய நிறைய, ஏட்டய்யா அள்ளி அள்ளிக் கூடையில் போட்டார். பத்துத் துணியில் ஏழு தொட்டிக்கு வந்தது. யாரையும் அதட்டவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. ஆற்றுக்குப் போன மூன்றும் பெரும்பாலும் சேலை. பெண்களுக்குப் பக்தி அதிகம் என்று ஏட்டய்யா சொன்னார். "இருக்கும்," என்றார் அம்மா, அவ்வளவு நம்பிக்கை இல்லாமல்.

கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஏட்டய்யாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. நெஞ்சில் பதினெட்டு நாளாக ஒரு கல் கிடந்தது. அது கோபமாக வெளியே வந்தது.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. நானும் ஜனங்களைத் திருப்பினேன். நீங்களும் திருப்புதீங்க. நான் வாயால செஞ்சேன், நீங்க கல்லால செய்யுதீங்க. தொட்டியை அந்த இடத்துல வைக்கதும் ஒரு தந்திரம்தானே? நாலு துணியை விட்டு வைக்கதும் தந்திரம்தானே? என்னோடது மட்டும் எப்பிடிம்மா தப்பாகும்?"

"உங்களோடது எது?"

"அதான்... மதகுல ஆள் மாட்டிக்கிடும்னு ஒரு பேச்சு."

"அது உங்களோடதுன்னு எனக்குத் தெரியும்."

ஏட்டய்யா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மீதியையும் சொன்னார். பச்சைச் சேலை, மஞ்சள் கரை, நீச்சல் தெரியாத மகள், ஒன்று விடாமல்.

அம்மாவின் முகம் சிவந்து அவர் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தார்.

"அந்தம்மா அதுக்காகத்தான் இறங்கினாங்களா?"

"ஆமாம்மா."

"இன்னைக்கு வரைக்கும் அதை நம்பிக்கிட்டா இருக்காங்க?"

"ஆமா."

"புளியடித்தட்டுக்குப் பஸ் எப்ப?"

"ரெண்டரைக்கு ஒண்ணு இருக்கு."

"எந்திரிங்க. போய் உங்க பொய்யைச் சொல்லுங்க. அதோட நிக்காதீங்க, என் தொட்டியையும் சொல்லுங்க. எங்கன வச்சிருக்கோம், எதுக்கு நாலு துணி கிடக்கு, ஒண்ணையும் மறைக்காதீங்க. நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அங்க இருக்கும்."

புளியடித்தட்டில் இறங்கி விசாரித்தார். தென்னந்தோப்பு ஓரத்தில் முப்பிடாதி தென்னை ஓலையில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். ஓலைக்கு ஓலை கை போய்க்கொண்டிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

ஏட்டய்யா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னார்.

"அம்மா, துணி மாட்டினா ஆளும் மாட்டிக்கிடும்னு சொன்னது பொய். கட்டிவிட்டவன் நான்."

கை நின்றது.

"எதுக்கு?"

"ஆத்துல துணி விடாம இருக்கணும்னு."

"ஆத்துக்காகவா?"

"ஆமா."

அவர் எழுந்து நின்றார். சத்தம் போடுவார் என்று ஏட்டய்யா நினைத்தார். மெதுவாகத்தான் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

"பதினெட்டு நாளா ராத்திரி பகல்னு இல்லாம நான் மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கேன். அவ உள்ள எம்புட்டு நேரம் தாங்குவான்னு பாக்கேன். ஆத்துக்காகவா அய்யா? என் கண்ணு முன்னால நிக்காதியும். போயிரும்."

ஏட்டய்யா தோப்பின் வேலி வரைக்கும் போனார். வெயிலில் அப்படியே நின்றார். கிடுகு பின்னும் சத்தம் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு குரல் வந்தது.

"ஓய்! அப்ப என் பிள்ளை அங்கன மாட்டிக்கிடலையே?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா. என்னைக்கோ போய்ச் சேந்துட்டா."

முப்பிடாதி ஓலைக் குவியலில் சாய்ந்து ஓவென்று அழுதார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். எட்டு மாசத்தில் அவர் வாய்விட்டு அழுதது அன்றுதான் என்று அவர்கள் ஏட்டய்யாவிடம் சொன்னார்கள். ஏட்டய்யாவும் வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். போலீஸ்காரர் அழுவதைப் பார்க்கச் சகிக்காது. யாரோ ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து அவரை உட்காரவைத்தார்கள்.

தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்கு இரண்டாவது வேலை ஞாபகம் வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உடைத்துச் சொன்னார். தொட்டி கணுக்கால் தண்ணீரில் இருக்கிறது, ஆறு அதற்குள் ஓடுகிறது, வருகிறவர் அதில் விடவேண்டும் என்றே அந்த இடத்தில் வைத்தோம், கூச்சம் போகட்டும் என்றே நாலு துணியை எடுக்காமல் வைக்கிறோம், துணி பட்டறைக்குப் போகிறது.

சொல்லி முடித்துவிட்டு, இதற்கும் வசவு வரும் என்று காத்திருந்தார்.

முப்பிடாதி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தார்.

"அதுல பொம்பளைங்க சேலையை விடுதாளுகளா?"

"கொறைச்சல்தான். பக்தி கூடன்னு நினைச்சோம்."

"பக்தியா?" அழுத கண்ணோடு அவர் ஏட்டய்யாவை ஏற இறங்கப் பார்த்தார். "அறிவுகெட்ட பேச்சு பேசாதியும். ஆம்பளை கணுக்கால் தண்ணியில நின்னு வேட்டியை அவுத்துப் போடுவான். நான் எப்பிடி அவுக்க? உள்பாவாடையை ஏத்திக் கட்டி, கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள போய் நின்னுல்லா சேலையை உருவுவோம்! உருவின சேலையைத் தூக்கிட்டு அத்தனை பேர் முன்னால உம்ம தொட்டிக்கு வருவோமா? அங்கனயே விடுவோம். சேலைதானே நீளம், அதுதானே காலைச் சுத்தும்? உங்கம்மாவும் பொம்பளைதானே, அவங்களுக்குமா தெரியல?"

"அவங்க சின்னதுல இருந்து மடத்துக் கிணத்தடியில குளிக்கிறவங்க. அங்க சுத்திச் சுவர் இருக்கு."

"அதான்." முப்பிடாதி பின்னிய கிடுகு ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். "ஒரு மறைப்பு வேணும். தொட்டி மறைப்புக்குள்ள இருக்கணும். பொம்பளைக்குத் தனித்தொட்டி."

மறுநாள் காலையில் ஏட்டய்யா நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போதே தோளில் ஒரு மூங்கில் கம்பைச் சாய்த்து வைத்திருந்தார்.

"பொய்யைச் சொன்னதும் போயிரும்னாங்க. தொட்டியைச் சொன்னதும், தப்பா வச்சிருக்கீங்கன்னாங்க," என்றார்.

மறைப்பு விஷயத்தைக் கேட்டதும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூணு நாள் உக்காந்து பாத்தேனே! எனக்கு இது படலையே, ஏட்டய்யா!"

"பரவாயில்லம்மா. கம்பு கொண்டாந்துட்டேன். இன்னைக்கே ஊணிருதேன். நீங்க இடத்தை மட்டும் சொல்லுங்க. தொட்டிக்குக் கிழக்கயா, மேற்கயா?"

வாசலில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வண்டி நிறையப் பச்சைக் கிடுகு. அதன் மேல் முப்பிடாதி உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து அம்மாவைக் கும்பிட்டார்.

"என் மக பேரைச் சொல்லிக் கொண்டாந்தேன். வாங்கிக்கிடுவீங்களா?"

அம்மா கும்பிட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏட்டய்யாவுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? கம்பைத் தரையில் ஊன்றி மறுபடியும் கேட்டார். "அம்மா, கிழக்கயா, மேற்கயா?"

அம்மா வந்து கம்பின் மறுமுனையைத் தூக்கினார்.

"அதை ஏன் என்கிட்ட கேக்கீங்க? உங்க பக்கத்தைத் தூக்குங்க. அவங்க கை காட்டுத இடத்துல ஊணுவோம்."